‘மீட் இஸ் மர்டர்’ இசைத்தட்டு: இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தபாலில் வந்த முதல் பிரதி வளைந்திருந்தது. சுழலவிட்டால் ஊசி ஏறி இறங்கி, அலையில் படகு போகிற மாதிரி ஆடியது. விற்ற கடைக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். “பாட்டு கேக்குதுல்ல மேடம்?” என்று பதில் வந்தது. கேட்கத்தான் செய்தது, கிட்டார் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து. பன்னிரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு வேறு பிரதி அனுப்பினார்கள். அது சமதளமாக, சுத்தமாக இருந்தது. இந்த விமர்சனம் அந்த இரண்டாவது பிரதியைப் பற்றியது.

தி ஸ்மித்ஸ் என்கிற மான்செஸ்டர் குழுவின் இரண்டாவது ஆல்பம் இது. 1985 பிப்ரவரி 11 அன்று ரஃப் டிரேட் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் தட்டைக் கீழே இறக்கிவிட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘இறைச்சி என்பது கொலை’ என்று அட்டையிலேயே எழுதிய ஒரு தட்டு அந்த இடத்துக்குப் போனது இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். நான் வாங்கியது 2011-இல் குழுவின் கிட்டார்காரர் ஜானி மாரின் மேற்பார்வையில் ஒலியைப் புதுப்பித்த பதிப்பு. பிரிட்டிஷ் வரிசைப்படி ஒன்பது பாட்டு. அமெரிக்கப் பதிப்பில் இன்னொரு புகழ்பெற்ற பாட்டையும் நடுவில் செருகியிருப்பார்கள். அது நல்ல பாட்டுதான், ஆனால் இந்தத் தட்டுக்குள் அதற்கு வேலையில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தொழில் சப்டைட்டில் எழுதுவது. மொழிபெயர்ப்பு அல்ல. காது கேளாதவர்களுக்காக, திரையில் வரும் பேச்சோடு சத்தங்களையும் எழுத்தில் போடுகிற வேலை. [கதவு கிறீச்சிடுகிறது], [தூரத்தில் இடி], [பெருமூச்சு]. பதினேழு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பாட்டு கேட்கிறதும் அப்படித்தான். மெட்டு, வரி எல்லாம் அப்புறம். முதலில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று மனசு பட்டியல் போட ஆரம்பித்துவிடும்.

இந்த ஆல்பத்தை முதலில் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் யாரிடமோ வாங்கிப் பதிவு செய்த கேசட். அட்டை கிடையாது, பாட்டுப் பெயர் கிடையாது. வரிகளில் பாதி புரியவில்லை. ஆனால் கடைசிப் பாட்டின் தொடக்கம் புரிவதற்கு மொழியே தேவைப்படவில்லை. ஏதோ ஓர் இயந்திரம் இரும்பை அறுப்பதுபோல் உறுமுகிறது. அதற்கு நடுவே மாடுகள் கத்துகின்றன. சாதாரணக் கத்தல் இல்லை. குரல் கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அதற்குப் பிறகு கிட்டார் வருகிறது, மெதுவாக, தாலாட்டுப் பாடித் தொட்டிலை ஆட்டுகிற நடையில். அந்தத் தாலாட்டுதான் என்னை உலுக்கியது. உறுமலைத் தொடர்ந்து கோபமான ஒரு ராக் பாட்டு வந்திருந்தால் ‘சரி, கத்துகிறார்கள்’ என்று விட்டிருப்பேன்.

அன்றைக்கே இறைச்சியை விட்டேன். நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் விடுதியில் நல்ல பசி, தட்டில் கோழி, சாப்பிட்டுவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை. ஒரு பாட்டு கேட்டு எடுத்த முடிவு அடுத்த பாட்டு வரைக்கும்தான் என்று அண்ணன் கேலி செய்தான். அடுத்த இருபத்து நான்கு வருடம் நான் இறைச்சி சாப்பிட்டேன், இந்த ஆல்பத்தையும் கேட்டேன். இரண்டுக்கும் ஒரு தகராறும் வரவில்லை. கடைசிப் பாட்டு வந்தால் நிறுத்திவிடுவேன், அவ்வளவுதான்.

தட்டுக்கு வருகிறேன். முதல் பக்கம் முழுக்க ஜானி மாரின் கிட்டார்தான் ராஜ்ஜியம். இதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 21 என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. தொடக்கப் பாட்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கும் ஆசிரியர்களைப் பற்றியது. அடுத்தது ஒரு திருவிழாத் திடலில் நடக்கும் கத்திக்குத்து. இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய பாட்டு, வீட்டில் பிள்ளைகள் வாங்கும் அடியைப் பற்றியது. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்டி ரூர்க்கின் பேஸ் கிட்டார் அதில் ஆட வைக்கும். அடி உதையைப் பற்றிய பாட்டுக்கு ஆடுகிறோமே என்று உறைப்பதற்குள் பாட்டு முடிந்து, மாடு கத்தத் தொடங்கிவிடும்.

இந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் அடி, திடலில் குத்து, வீட்டில் அடி, அப்புறம் கசாப்பு. அட்டையில் ஒரு போர்வீரன். 1968-இல் எமில் தெ அன்டோனியோ எடுத்த வியட்நாம் போர் ஆவணப்படத்திலிருந்து எடுத்த படம் அது. அசலில் அந்த அமெரிக்க வீரனின் தலைக்கவசத்தில் ‘போர் செய், காதல் செய்யாதே’ என்று கிறுக்கியிருக்கும். அதை அழித்துத்தான் ஆல்பத்தின் பெயரை எழுதினார்கள். மொத்தத் தட்டும் ஒரே பேச்சுதான்: பலமுள்ளவன் பலமில்லாததை என்ன செய்கிறான். அதனால்தான் அமெரிக்கப் பதிப்பின் செருகல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டு தனிமையைப் பற்றியது. இந்தச் சங்கிலியில் அது ஒரு கண்ணி இல்லை.

கடைசிப் பாட்டு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். பாட்டாகப் பார்த்தால் ஆல்பத்தின் மிகப் பலவீனமானது இதுதான். மெட்டு ஒரே இடத்தில் சுற்றுகிறது. வரிகளில் பிரசங்கம் தூக்கல். வரிகளை எழுதிப் பாடும் மோரிசியின் வழக்கமான குறும்பு, சுயகேலி எதுவும் இல்லை. மற்ற பாட்டுகளில் தன்னையே கிண்டலடிப்பவர் இதில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் ஆட்களை மாற்றியது இந்தப் பாட்டுதான், முதல் பக்கத்தின் அழகு எதுவும் அல்ல. இதைக் கேட்டு இறைச்சியை விட்டேன் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஜானி மாரே அந்தச் சமயத்தில்தான் விட்டார். இப்படி ஒரு பெயருள்ள தட்டில் வாசித்துவிட்டு எப்படிச் சாப்பிடுவது என்ற சங்கடம். குழுவில் மற்றவர்கள் இறைச்சி சாப்பிடுவதுபோல் புகைப்படம் வரக் கூடாது என்று மோரிசி தடை போட்டிருந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று மனிதன் தானாக எடுத்த முடிவு. இன்னொன்று கேமராவுக்குப் பூசிய பவுடர்.

இனி என் கதையின் நடுப்பகுதி. சில வருடத்துக்கு முன் ஓர் ஆவணப்படம் வேலைக்கு வந்தது. ஒரு பெரிய இறைச்சிக்கூடத்துக்குள் எடுத்தது, பேச்சே இல்லாமல் பதினொரு நிமிடம். அதாவது முழுக்க முழுக்க என் வேலை. நான் பயந்துகொண்டுதான் ஹெட்போனை மாட்டினேன். அந்தப் பாட்டின் உறுமல் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

உறுமலே இல்லை. மின்விசிறி. குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். ரப்பர் பூட்ஸ் ஈரத்தரையில் சப் சப் என்று போகிறது. சங்கிலி நகர்கிறது. மாடு கத்தியது மொத்தத்தில் இரண்டு தடவை, அதுவும் சாதாரணமாக. அப்புறம் யாரோ ஒருவர் சீழ்க்கை அடிக்கிறார். வேலை செய்துகொண்டே, தன் பாட்டுக்கு, இனிமையாக ஒரு மெட்டு. ஆள் படத்தில் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. தெரிந்த மெட்டு என்றால் அது என்ன பாட்டு என்று எழுத வேண்டும். நாற்பது நிமிடம் அந்தச் சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். காதல் பாட்டு மாதிரி இருந்தது, பிடிபடவில்லை. கடைசியில் [மெல்லிய சீழ்க்கை] என்று போட்டு அனுப்பினேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் காதில் அதே மெட்டு. தட்டில் இருந்ததைத் தொட முடியவில்லை. அருவருப்பு இல்லை, அழுகையும் இல்லை. அந்த ஆள் மேல் கோபம் சுத்தமாக இல்லை. நான் வேலை செய்யும்போது முணுமுணுப்பதில்லையா? அவர் எனக்காகத்தான் அங்கே நிற்கிறார் என்று மட்டும் தோன்றியது. அவர் நாள் முழுக்க செய்கிற வேலைக்குக் காரணமானவள், மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

“உடம்பு சரியில்லையா?” என்றார் கணவர்.

“இல்ல, போதும்” என்றேன். அந்தப் ‘போதும்’ இன்றைக்கு வரைக்கும் நிற்கிறது.

சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு அந்த ஆல்பத்தைத் தேடிப் போட்டேன், வருடக்கணக்காகத் தாண்டிக்கொண்டிருந்த கடைசிப் பாட்டையும் சேர்த்து. அன்றுதான் ஒன்று விளங்கியது. இருபத்து நான்கு வருடமாக இந்தப் பாட்டு எனக்கு ஒரு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. இறைச்சிக்கூடம் என்றால் நரகம், அரக்கத்தனமான உறுமல், வேறு ஏதோ உலகம் என்று நம்ப வைத்திருந்தது. நரகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்க் குழாயும் சீழ்க்கையும் உள்ள இடம் என்றால்தான் அது நம்முடைய இடம்.

அந்தச் சத்தங்களை எப்படிச் செய்தார்கள் என்பதையும் பிறகுதான் படித்தேன். ஒலிப்பதிவாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இறைச்சிக்கூடத்தின் சத்தம் வேண்டும் என்று மோரிசி அவர் கையில் கொடுத்தது பிபிசியின் சத்தத் தொகுப்புத் தட்டு. அதில் இருந்தவை வயலில் நிம்மதியாக நின்று கத்துகிற மாடுகள்! அந்தக் குரல்களையும் ஏதோ இயந்திர ஓசைகளையும் ஹார்மொனைசர் என்ற கருவியில் போட்டு, சுருதியைக் கீழே இறக்கி, பயமுறுத்துகிறமாதிரி ஆக்கினார். தொழில்காரி என்ற முறையில் எனக்கு அவமானமாக இருந்தது. பத்தொன்பது வயதில் மனசுக்குள் [மரண ஓலம்] என்று பட்டியல் போட்டவள் நான். சரியான சப்டைட்டில் [மாடுகள் மேய்கின்றன] என்பதுதான்.

ஏமாற்றமா என்றால், கொஞ்சம். ஆனால் யோசித்துப் பார்த்தேன். இசையின் வேலை சாட்சி சொல்வது இல்லையே. ஒப்பாரி வைப்பவள் எல்லாம் செத்தவருக்குச் சொந்தமா என்ன? பொய்ச் சத்தம் என் காதில் ஓர் இடத்தைத் துளைத்து வைத்திருந்தது. உண்மைச் சத்தம் வந்தபோது போய் உட்கார இடம் இருந்தது. அந்த ஆவணப்படத்தின் பதினொரு நிமிடத்துக்கு வேறு யாரும் சப்டைட்டில் எழுதியிருந்தால், எழுதி முடித்துக் கோழி சாப்பிடப் போயிருப்பார்கள். தப்பில்லை.

பிரபலங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். மோரிசியையே மாற்றியது பாட்டு இல்லை. பதினோரு வயதில் தொலைக்காட்சியில் பார்த்த இறைச்சிக்கூடக் காட்சிகள்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் மனைவி லிண்டாவும் ஸ்காட்லாந்தில் தங்கள் பண்ணை வீட்டில் ஆட்டுக்குட்டி இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார்களாம். வெளியே ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதோடு விட்டுவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட இசைக்காரர் ஒருவருக்கு ஒரு ஜன்னல் தேவைப்பட்டிருக்கிறது. லிண்டா 1991-இல் சைவ உணவு வியாபாரமே தொடங்கினார். குடும்பம் 2009-இல் ‘திங்கட்கிழமை இறைச்சி வேண்டாம்’ என்று இயக்கம் நடத்தியது. வாரத்தில் ஒரு நாள் என்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நான்கு நாளில் உடைந்துபோன பத்தொன்பது வயதுக்காரிக்கு யாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகமும் கத்தலுமான ராக் இசைப் பக்கம் போனால் கதை வேறு. வாஷிங்டனின் மைனர் திரெட் குழு 1981-இல் ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டில் போதை வேண்டாம் என்று கத்தியது. அதிலிருந்து ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற கூட்டமே கிளம்பியது. 1988-இல் நியூயார்க்கின் யூத் ஆஃப் டுடே அதோடு இறைச்சியையும் சேர்த்துக்கொண்டது. 1990-களில் எர்த் கிரைசிஸ் வந்து பால், முட்டை, தோல் எதுவும் கூடாது என்று நின்றது. அந்த வழியாக வந்த ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். “எனக்குப் பாட்டு முக்கியமில்லைக்கா, கூட நின்ன பசங்கதான் முக்கியம்” என்றார். அந்தக் கூட்டத்தின் அடையாளமாகப் புறங்கையில் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு நிற்கும் இருநூறு பேருக்கு நடுவே ஒருவன் மட்டும் எப்படிப் போய் பர்கர் தின்பான்? அவருக்குக் கூட்டம் வேலை செய்தது. கூட்டம் கலைந்தபின் பாதிப் பேர் பழையபடி சாப்பிடப் போய்விட்டார்களாம். அவர் மட்டும் இன்னும் சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.

பாடகரை நம்பி இதில் இறங்குவதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் மோரிசி, சீனாவில் விலங்குகள் படும் பாட்டைப் பற்றிப் பேசப் போய், சீனர்களை மனிதரில் கீழ்ப்பட்ட இனம் என்கிற மாதிரி சொன்னார். மாட்டுக்கு இரங்கிய வாய் அது. படித்த அன்று தட்டை உறைக்குள் போட்டு அலமாரியின் கோடியில் செருகினேன். ஆனால் இறைச்சிக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. அப்போதுதான் அந்த முடிவு என்னுடையது என்று எனக்கே நிச்சயமானது. எட்டு மாதம் கழித்து, ஜானி மாரின் கிட்டாருக்காகத் தட்டை மறுபடி எடுத்தேன்.

மீனைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. இறைச்சியை விட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் மீன் சாப்பிட்டேன். காரணத்தைத் தேடியபோது சிரிப்பு வந்தது. மீன் கத்தாது. என் இரக்கம் மொத்தமும் காது வழியாக உள்ளே வந்தது. இசைத்தட்டில் மாடு இருக்கிறது, மீன் இல்லை. இசையால் வருகிற மனமாற்றத்துக்கு இது பெரிய ஓட்டை. எந்தச் சத்தமும் போடாததற்காக யார் பாட்டு எழுதுவது? மீனை விட்டபோது பாட்டு, படம், சீழ்க்கை எதுவும் துணைக்கு வரவில்லை. கணக்குப் பார்த்து, வறட்டுத்தனமாக விட்டேன். அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. பால் இன்னும் குடிக்கிறேன். பால், முட்டைகூடத் தொடாதவர்களுக்கு 1944-இல் ‘வீகன்’ என்ற சொல்லை உண்டாக்கிய டொனால்ட் வாட்சன் என்னைத் தன் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார். ஆனால் பால் மட்டும் போதவில்லை. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்து, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சத்து செடிகொடியில் கிடைக்காது. விடுகிறவர்கள் இதை முதல் மாதமே பார்த்துக்கொள்வது நல்லது. இசைத்தட்டு உறையில் இதெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள்.

வாங்கலாமா? கிட்டார் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். இறைச்சியை விட உந்துதல் வேண்டும் என்று வாங்குவதாக இருந்தால், போனில் கேட்காதீர்கள், தட்டிலேயே கேளுங்கள். போனில் பாட்டு முடிந்த மறுநொடி வேறு ஏதாவது குதித்து வந்துவிடும். தட்டில் அப்படி இல்லை. கடைசியில் மாடும் இயந்திரமும் திரும்ப வந்து தேய்ந்து போகும். ஊசி உள்வட்டத்துக்கு வந்து டக், டக் என்று சுற்றும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, அதாவது இரண்டு நொடிக்குள் ஒரு டக். நீங்கள் எழுந்து போய்த் தூக்குகிற வரைக்கும் அது நிற்காது. அந்த டக் டக்கில் உட்கார்ந்துதான் நான் பத்தொன்பது வயதில் நான்கு நாள் முடிவை எடுத்திருக்க வேண்டும். கேசட்டில் அந்த வசதி இல்லை. பட்டென்று நின்றுவிடும்.

புதுப்பித்த பதிப்பில் பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பக்கத்து இரண்டாவது பாட்டின் முடிவில் மழைச் சத்தம் கண்ணாடி மாதிரி தெளிவு. பிரதி வந்ததும் வெளிச்சத்தில் கண்மட்டத்துக்குப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். உறை மெல்லிய காகிதம், ஓரம் சீக்கிரம் கிழிகிறது.

போன மாதம் அண்ணன் வந்திருந்தான். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தானே எடுத்துப் போட்டான். முதல் பக்கம் முழுக்கத் தாளம் போட்டான். இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டுக்கு முன்னால், என்னைப் பார்த்துக்கொண்டே போய் ஊசியைத் தூக்கினான்.

“சாப்பிட்டுட்டுக் கேக்கலாம்டி” என்றான்.

“சரிண்ணா” என்றேன். அவனுக்குக் கோழி, எனக்கு வேறு. சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் தட்டைக் கழுவி வைத்தோம். கேட்கலாம் என்று அவன் மறுபடி சொல்லவில்லை.